தொட்டி நிறையாமல் குழாய் திறக்கப்படாது

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குள் முழுப் பல்லோடு போய் முழுப் பல்லோடு வெளியே வந்தவர்கள் குறைவு. குழந்தைகளைச் சொல்லவில்லை. அவை எங்கே பிறந்தாலும் பொக்கை வாயோடுதான் பிறக்கின்றன. அங்கே சம்பளம் வாங்கியவர்களைச் சொல்கிறேன்.

நான் சொல்வதில் பொய் கிடையாது. ஓரிரண்டு இடத்தில் எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதுவும் அடி வாங்கியவர்கள் சொன்னதைவிடக் குறைவு, அடித்தவர்கள் ஒப்புக்கொண்டதைவிட அதிகம். நடுவில் நிற்பதுதான் நியாயம்.

ஆஸ்பத்திரியின் இயக்குநர், குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் பொறியாளராக இருந்தவர். மாற்றல் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் இரண்டு வரிகளை இடம் மாற்றி அடித்துவிட்டார். இங்கே வர வேண்டிய பிரசவ டாக்டர் குடிநீர் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் தெருத் தெருவாகக் குழாயில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, வாரியம் அதுவரை அறியாத கசிவுகளையெல்லாம் கண்டுபிடித்தார் என்று கேள்வி. பொறியாளர் இங்கே வந்து இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலைத் திருத்தலாமே என்று யாரோ தலைமை அலுவலகத்தைக் கேட்டார்கள். "ஆணையில் தவறு இருக்க முடியாது, ஆளிடம்தான் இருக்க முடியும்" என்று பதில் வந்தது.

வந்த அன்றே அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். பதினான்கு கட்டில். பதினான்கு தாய்மார்.

"இங்க சப்ளை எப்படி?"

பெரிய சிஸ்டர் அந்த வார்டை ஒரு பார்வையில் ஆட்டி வைக்கிறவர். அவருக்கே கேள்வி புரியவில்லை. "எந்த சப்ளை சார்?"

"பால்."

"பிள்ளைக்குப் பசிச்சா குடுப்பாங்க சார்."

"எத்தனை மணிக்கு?"

"பசிக்கிற மணிக்கு."

இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "தொட்டியில எவ்வளவு இருக்குன்னு பார்க்காமலா திறந்துவிடுறீங்க? இத்தனை வருஷமாவா?"

ஒரே வாரத்தில் தொட்டி விதி வந்தது. தொட்டி நிறையாமல் குழாய் திறக்கப்படாது. அதாவது, குழந்தை பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, நடைபாதைக் கோடியில் இருக்கும் கண்ணாடி அறையில் வைக்கப்படும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்போது தாய் இயந்திரத்தில் பாலைக் கறந்து அளவு காட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று முறை அறுபது மில்லி காட்டினால் குழந்தைக்கு இணைப்பு வழங்கப்படும். அதுவரை சொட்டுக் குழாயில் சர்க்கரைத் தண்ணீர். ஏழு நாளில் அளவு எட்டாதவர் சீட்டில் 'வறட்சி' என்று சிவப்பு மையில் முத்திரை குத்தி, கையில் ஒரு டப்பா பால் மாவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் வறட்சி. "இந்தப் பகுதிப் பெண்களிடம் நிலத்தடி இருப்பு மிகவும் குறைவு" என்று இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். மேலிடம் மிகவும் வருத்தம் தெரிவித்தது.

இந்த நிலையில்தான் கண்டக்டரம்மா வந்தார்.

பதினோரு வருஷம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து அவர் "உள்ள போ!" என்று ஒரு சத்தம் போட்டால், தெருவில் நிற்பவர்களும் அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அவருடைய வீட்டுக்காரர் வெல்டர். பரம சாது. இரும்பைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை, கண்டக்டரம்மாவைத் தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை.

காலை ஏழு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. துடைத்து அம்மாவின் வயிற்றின் மேல் போட்டார்கள். போட்டதுதான் தாமதம், ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டிருந்த ஆள் கம்பியைப் பிடித்து உள்ளே ஏறுகிற மாதிரி அது ஏற ஆரம்பித்தது. மூக்கால் தேடி, வாயால் பிடித்து, மூன்று இழுப்பு இழுத்தும்விட்டது.

"திருட்டு இணைப்பு!" என்று அலறினார் பெரிய சிஸ்டர்.

ஓடி வந்து குழந்தையைப் பிடித்து இழுத்தார். குழந்தை விடவில்லை. பிறந்து நான்கு நிமிஷமே ஆன உயிருக்கு அவ்வளவு பிடிவாதம். அம்மாக்காரி பெரிய சிஸ்டரின் கொண்டையைப் பிடித்தார். பெரிய சிஸ்டர் கன்னத்தில் ஒன்று விட்டார். பிரசவ மேசையில் கால்கள் எந்த உயரத்தில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கண்டக்டரம்மாவின் வலது கால் நீண்டது. பெரிய சிஸ்டரின் முன்பல் இரண்டும் ஒரு தட்டில் 'டங் டங்' என்று விழுந்தன.

சத்தம் கேட்டு உள்ளே வந்த வெல்டரின் கையைக் காவலாளி பின்பக்கமாக முறுக்கி, தலையைக் கதவில் மோதினான். கதவு திறந்துதான் இருந்தது. அவனே அதை ஒரு கையால் சாத்திப் பிடித்துக்கொண்டு மோதினான்.

கண்டக்டரம்மாவைப் பதினொன்றாம் கட்டிலுக்குக் கொண்டுபோய் இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அன்று முதல் அவருக்குப் பெயர் பதினொன்று.

பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு தையல்காரி. ஐந்து நாளாக அங்கே கிடக்கிறவள். அடங்கிப் போகிறவள் என்பதால் அவளுக்கு மட்டும் கட்டு இல்லை.

"முரண்டு பிடிக்காதக்கா," என்றாள். "எனக்கு நேத்து பன்னெண்டு மில்லிதான் வந்துச்சு. இன்னும் ரெண்டு நாள்ல முத்திரை குத்திடுவாங்க."

"பிள்ளையைக் குடுக்காம பாலு எங்கிருந்துடி வரும்? நீ மெஷினை மிதிக்காமலே துணி தைப்பியா?"

"அதை நான் வந்த அன்னிக்கே கேட்டேன்க்கா. மெஷினை அளந்து பார்த்துட்டு வந்து சொல்றோம்னாங்க."

பார்வை நேரத்தில் வெல்டர் வந்தார், நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு.

"பாப்பாவைப் பார்த்தீங்களா?"

"கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்தேன். உன் சாடை."

"சாடை கிடக்கட்டும். துணி நனைஞ்சுதா?"

"எந்தத் துணி?"

"இடுப்புத் துணிங்க! நனைஞ்சா உள்ள ஏதோ போகுதுன்னு அர்த்தம். கண்ணாடி ரூம் ஆயாவைக் கேளுங்க. மணிக்கு ஒருக்கா கேளுங்க."

"கேட்டா அடிக்கிறாங்கம்மா."

"வாங்கிக்கங்க. ஆனா கேளுங்க."

வெல்டர் அப்படியே செய்தார். மணிக்கு ஒரு தடவை போய்க் கேட்டார், மணிக்கு ஒரு தடவை வாங்கினார். முதல் நாள் துணி இரண்டு முறை நனைந்தது என்று ஆயா காவலாளிக்குத் தெரியாமல் இரண்டு விரல் காட்டினாள்.

முதல் மணி அடித்ததும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இயக்குநர் பழைய வேலையிலிருந்து ஞாபகார்த்தமாக எடுத்து வந்த ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அது. அரை குதிரைத்திறன். பாறைக்கு அடியில் இருநூறு அடியிலிருந்து தண்ணீரை இழுத்த மோட்டார், பாவம், அதற்கு மனுஷ உடம்பைப் பற்றி என்ன தெரியும்? சுவிட்சைப் போட்டதும் வார்டில் விளக்குகள் மங்கின. முதலில் ஜன்னல் திரை உள்ளே போனது. அடுத்து பெரிய சிஸ்டரின் தொப்பி. அடுத்து, இயக்குநர் வாரியத்திலிருந்து கூட்டி வந்த இரண்டு உதவிப் பொறியாளர்களில் குனிந்து பார்த்தவரின் தலைமுடி. அது ஒட்டு முடி என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியாகக் குழாயைக் கண்டக்டரம்மாவிடம் வைத்தார்கள்.

அவர் போட்ட சத்தத்தில் வெளியே ஒரு பஸ் நின்றதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. இரண்டு ஆட்டோ நின்றதை மட்டும் பார்த்தேன்.

இருபது நிமிஷம் கழித்து, புட்டியில் கொஞ்சம் ரத்தம், அதன் மேல் அரை ஸ்பூன் பால். கெட்டியாக, மஞ்சளாக. இயக்குநர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தார்.

"ஐயா!" என்றார் கண்டக்டரம்மா. "அதுதாங்க முதல் பாலு! அதைத்தான் பிள்ளைக்குக் குடுக்கணும்!"

இயக்குநர் இரக்கத்தோடு சிரித்தார். "அம்மா, நான் இருபத்திரண்டு வருஷம் சப்ளையில இருந்தவன். புதுக் குழாய்ல முதல்ல வர்றது மஞ்சளாத்தான் வரும். துரு. நாலு நாள் திறந்துவிட்டுக் கழுவணும்."

கட்டியிருந்த கை எட்டாததால் கண்டக்டரம்மா பக்கத்தில் நின்ற அதே உதவிப் பொறியாளரைக் கடித்தார். முழங்கைக்குக் கீழே, நல்ல ஆழமாக. நான்கு பேர் தாடையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. நாய்க்கடிக்குப் போடும் ஊசியை இரண்டு பேருக்குமே போட்டார்கள். யாருக்கு முன்னெச்சரிக்கை, யாருக்குச் சிகிச்சை என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

இரண்டாம் நாள் காலை குழந்தையின் எடை இரண்டு கிலோ எண்ணூறு. துணி ஒரு முறை நனைந்தது. ஆயா ஒரு விரல் காட்டினாள்.

அன்றைக்கு மாதாந்திர விழிப்புணர்வு உரை. இயக்குநர் வார்டின் நடுவே ஒரு முக்காலியில் ஏறி நின்றார். தாய்மார்கள் கட்டப்பட்டிருந்ததால் வருகை நூறு சதவீதம்.

"தாய்மார்களே! என்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறீர்கள் என்று தெரியும். நான் பணியாற்றிய எட்டு ஊர்களிலும் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் ஒன்று சொல்வேன். என் காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானது கிடையாது. ஏன்? ஒரு சொட்டும் வெளியே போனது கிடையாது! மக்கள் காலிக் குடத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் குடத்தாலேயே அடித்தார்கள். இதோ, காதுக்குப் பின்னால் பாருங்கள், பித்தளைக் குடம். இது, தாடையில், எவர்சில்வர். நான் கலங்கினேனா? மாற்றலாகி வரும்போது எட்டு ஊர்த் தொட்டிகளையும் ததும்பத் ததும்ப ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்த ஊர்களில் இப்போது ஆளே இல்லை. ஆனால் தொட்டி இருக்கிறது. நிறைந்து இருக்கிறது! இதைத்தான் நிர்வாகம் என்கிறோம்."

உதவிப் பொறியாளர்கள் கை தட்டினார்கள். ஒருவர் வழுக்கை, கட்டுப் போட்ட கை. இன்னொருவருக்கு அதுவரை எந்தச் சேதமும் இல்லை.

கடைசியில் கேள்வி நேரம். தையல்காரி மெல்லக் கை தூக்கி, "இணைப்புக் குடுக்கும்போது முதல்ல எந்தப் பக்கம் சார் குடுக்கணும்?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது.

"இடது தொட்டி," என்றார் வழுக்கை.

"வலது," என்றார் மற்றவர்.

"இதயம் இடது பக்கம் இருக்கு. பம்பு பக்கத்துல இருக்கிற தொட்டியைத்தான் முதல்ல திறக்கணும்."

"பம்பு பக்கத்துத் தொட்டியைத் திறந்தா அழுத்தம் விழுந்துடும்யா. முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும்."

"யாரைப் பார்த்து முதல் வருஷம்ங்கிறே?"

"முடி இல்லாதவனைப் பார்த்து."

வழுக்கை, குழந்தை எடை பார்க்கும் தராசைத் தூக்கி வீசினார். அது மற்றவரின் மூக்கை இரண்டாகப் பிரித்தது. மூக்கர், சலைன் மாட்டும் கம்பத்தைப் பிடுங்கிச் சுழற்றினார். சுழற்சியில் இயக்குநரின் முக்காலி பறந்தது, இயக்குநர் தனியாகப் பறந்தார். எட்டாம் கட்டில் அம்மா மலத்தட்டைக் காலால் தள்ளிக் கொடுத்து வழுக்கைக்கு உதவினாள். ஆறாம் கட்டில் மூக்கர் பக்கம் நின்றாள். இரண்டு கட்சிக்கும் இடையில் காவலாளி புகுந்து சமாதானம் செய்ததில் அவனுக்கு மூன்று விலா எலும்பு போயிற்று. கடைசியில் வழுக்கை மூக்கரைத் தூக்கி வார்டுக் கதவின் மேல் எறிந்தார். கதவு கீலோடு பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. மூக்கர் அதன் மேல் விழுந்தார். இரண்டையும் தனித்தனியாக அள்ளினார்கள்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு அங்குலத் தேக்கு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. கண்ணாடி அறைச் சத்தம் வார்டுக்கு வராமலிருக்க இயக்குநர் போட்டது. மறு கதவு செய்ய ஆசாரி பத்து நாள் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை எடை இரண்டு கிலோ அறுநூற்று ஐம்பது. வெல்டர் ஆயாவைப் பார்த்தார். ஆயா விரல் எதுவும் காட்டவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்குக் கண்ணாடி அறையில் குழந்தைகள் அழத் தொடங்கின. தினமும் அழுததுதான். கதவு இல்லாததால் அன்றுதான் வார்டுக்குக் கேட்டது. ஒன்று ஆரம்பித்து, இரண்டு சேர்ந்து, பதினான்கும் சேர்ந்தன.

கட்டிலில் கிடந்த பெண்கள் முதலில் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று நாளாகக் கல்லாகக் கனத்துக் கிடந்த மார்புக்குள் ஆயிரம் ஊசி ஒன்றாகக் குத்தியது. அரை குதிரைத்திறன் மோட்டாரால் ஆகாத வேலையை அந்த அழுகை செய்தது. ஒன்றாம் கட்டில் நனைந்தது, நான்காம் கட்டில் நனைந்தது. வறட்சி முத்திரை குத்தி டப்பா மாவோடு கிளம்பத் தயாராயிருந்த ஏழாம் கட்டில் அம்மாவின் ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, மடியில் வைத்திருந்த டப்பாவும் நனைந்தது.

"சார்!" என்று பெரிய சிஸ்டர் ஓடினார். "கசிவு சார்! பதினாலு பாயிண்டுலயும் கசிவு!"

இயக்குநர் தலைக்கட்டோடு வந்து பார்த்தார். "மெயின் லைன் போயிடுச்சு! கசிவுத் தடுப்பு எங்கே?"

கசிவுத் தடுப்புப் பிரிவு வந்தது. இரண்டு பேர். கையில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப், ஓட்டை அடைக்கும் பசை. முதலாமவன் பதினொன்றாம் கட்டிலை நெருங்கினான்.

கண்டக்டரம்மா அவனைப் பார்க்கவேயில்லை. கழுத்தை நீட்டி, நடைபாதைப் பக்கம் காது கொடுத்திருந்தார். ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று கண்டுபிடிக்கிறவர் அவர். பதினான்கு அழுகையில் தன்னுடையது எது என்று ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார். அது மற்றவற்றைவிட மெலிசாக இருந்தது. பூனைக்குட்டி மாதிரி. பிறகு இன்னும் மெலிசாக. பிறகு பதின்மூன்றுதான் கேட்டது.

"ஆயா!" என்று கத்தினார். "என் பாப்பா ஏன் நிறுத்திடுச்சு?"

நடைபாதைக் கோடியிலிருந்து ஆயாவின் குரல் உடைந்து வந்தது. "கண்ணு திறக்க மாட்டேங்குதும்மா! நேத்திலேர்ந்து துணி காஞ்சே கிடக்கு!"

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "நல்லது. பதினொன்றுக்கு மட்டும் ஒழுக்கம் வந்துவிட்டது."

தையல்காரி கட்டிலிலிருந்து இறங்கினாள். குனிந்து, பதினொன்றின் மணிக்கட்டில் இருந்த பேண்டேஜைப் பல்லில் வைத்து 'கடக்' என்று கடித்துத் துப்பினாள். இன்னொரு பக்கமும் ஒரு கடி. "பதினேழு வருஷமா நூலைப் பல்லாலதான்க்கா கடிக்கிறேன். போ."

டேப்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். அந்த ஒரு அடி வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவனுக்கு இரண்டு காதும் சேர்ந்தாற்போல் கேட்கும்.

கண்டக்டரம்மா மோட்டாரை அதன் குழாயைப் பிடித்துத் தூக்கினார். பதினெட்டு கிலோ. தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். பசைக்காரன் ஜன்னல் வழியாக வெளியேறினான், ஜன்னலைத் திறக்காமல். வழுக்கை கட்டிலுக்கு அடியில் புகுந்தார். அங்கே எட்டாம் கட்டில் அம்மாவின் கால் அவருக்காகக் காத்திருந்தது, நேற்று அவர் கட்சியில் நின்ற அதே கால். அதற்குள் தையல்காரி ஒவ்வொரு கட்டிலாகக் கடித்துக்கொண்டே போனாள். அவிழ்ந்தவர்கள் அவிழ்ந்த கையோடு இறங்கினார்கள். சலைன் கம்பம், மலத்தட்டு, மாவு டப்பா என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். மாவு டப்பா அடிப்பதற்கு நல்ல கனம் என்று அதற்கு முன் யாரும் கண்டறிந்ததில்லை.

நடைபாதையில் வெல்டரை இரண்டு காவலாளிகள் பிடித்திருந்தார்கள். பெண்டாட்டி மோட்டாரோடு வருவதைப் பார்த்தார். மூன்று நாளில் முப்பது தடவை அடி வாங்கிய மனுஷர், இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதினார். "மன்னிச்சுக்கங்க," என்றார். மறுபடி மோதினார். "தப்பா நினைச்சுக்காதீங்க." மறுபடி மோதினார்.

கண்ணாடி அறைக்குப் பூட்டு. சாவி இயக்குநரிடம். இயக்குநர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று இடது கையை உயர்த்தினார்.

"நில்லுங்க! இது பொதுச் சொத்து! ஒரு சதுர அடிக்கு எத்தனை..."

கண்டக்டரம்மா இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். "ஆயா! தொட்டிலெல்லாம் பின்னால! ஓரமாப் போ!" ஆயா பதினான்கு தொட்டிலையும் பின்சுவரோடு தள்ளி, முதுகைக் காட்டி மறைத்து நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் மோட்டார் சுழன்றது. முதலில் இயக்குநரின் இடது கை. அடுத்து கண்ணாடி. இரண்டும் ஒரே மாதிரிச் சத்தம்தான் போட்டன.

உள்ளே போய்க் குழந்தையை எடுத்தார். உதடு வெடித்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. மார்பில் வைத்தார். வாய் திறக்கவில்லை. பிறந்து நான்காம் நிமிஷம் விடமாட்டேன் என்று பிடித்த வாய் அது.

வெளியே எலும்பு முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்டக்டரம்மா கண்ணாடித் தூளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையாலேயே பிழிந்து ஒரு சொட்டைக் குழந்தையின் உதட்டில் விட்டார். சொட்டு ஓரமாக வழிந்தது. இன்னொன்று. அதுவும் வழிந்தது.

"ஏறு," என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "ஏறும்மா. வண்டி உனக்காகத்தான் நிக்குது. ஏறு தங்கம்."

மூன்றாவது சொட்டு. நான்காவது. ஆறாவது சொட்டுக்கு நாக்கு நுனி வெளியே வந்து நக்கியது. எட்டாவதற்கு வாய் திறந்தது. கண்டக்டரம்மா நேரத்தைத் தவற விடுகிறவர் அல்ல. வாயில் வைத்தார். ஒரு இழுப்பு. நின்றது. இன்னொரு இழுப்பு. பிறகு 'களுக்' என்று தொண்டைக்குள் இறங்குகிற சத்தம்.

அந்த ஒரு களுக்குக்கு அப்புறம்தான் அவர் அழுதார். வெல்டர் காலால் கண்ணாடித் தூளைத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற பதின்மூன்று பேரும் வந்து அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். வெளியே அடிக்க ஆளில்லாமல் சண்டை தானாக நின்றது.

மறுநாள் முதல் பிள்ளைகள் அம்மாக்களோடு கட்டிலில் கிடந்தன. கட்டுப் போட ஆளும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பிரிக்கிற அளவுக்கு முழு உடம்போடு யாரும் இல்லை. பாப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை குடித்தாள். குடிக்கக் குடிக்க ஊறியது. துணி மாற்றி மாற்றி ஆயாவுக்குக் கை வலித்தது. ஏழாம் நாள் எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

ஏழாம் நாள் காலை இயக்குநர் வார்டுக்கு வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. வலது கையில் இரண்டு காகிதம், ஒரு பேனா. முகத்தில் ஒரு தனிப் பிரகாசம். பின்னால் மிச்சம் இருந்த ஊழியர்கள், சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும்.

"தாய்மார்களே, நான் பழி வாங்குகிறவன் அல்ல. நான் ஆராய்கிறவன். வறட்சியாக இருந்த இந்த வார்டு, மூன்றாம் நாள் பத்து நாற்பதுக்குத் ததும்பி வழிந்தது. எப்படி? அதற்கு முந்தின நாள் இங்கே என்ன நடந்தது? அடிதடி. அந்த நேரத்தில் என்ன நடந்தது? அதைவிடப் பெரிய அடிதடி. அதன் பிறகு சப்ளை இன்றுவரை குறையவில்லை. ஆகவே அடிதடியால்தான் பால் சுரக்கிறது என்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபணம் ஆகிவிட்டது!"

ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதோ, முதல் காகிதம். தொட்டி விதி ரத்து." தலையணை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இரண்டாவது, புது விதி. கண்ணாடி அறை மறுபடி கட்டப்படும். பிறந்த குழந்தைகள் அங்கே வைக்கப்படும். ஒவ்வொரு வாரமும் மூன்றாம் நாள் பத்தரை முதல் பதினொன்று வரை அடிதடி நடத்தப்படும். தாய்க்கு ஒரு மோட்டார் வீதம் வழங்கப்படும். ஊழியர்கள் அனைவரும் தவறாமல் ஆஜராகி அடி வாங்க வேண்டும். விடுப்பு கிடையாது."

வழுக்கையின் ஊன்றுகோல் கீழே விழுந்தது.

"கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்," என்று இயக்குநர் பேனாவைக் காதில் செருகினார், "இந்தப் பதினொன்று குடிக்க ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகிறது. முதலில் இதைத் துண்டிப்போம்." வலது கையைக் குழந்தையின் கழுத்துப் பக்கம் நீட்டினார்.

கண்டக்டரம்மாவின் இரண்டு கையும் பிள்ளையிடம் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யவில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

பெரிய சிஸ்டர்தான் இரும்பு மலத்தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, இயக்குநரின் வலது மணிக்கட்டில் இறக்கினார். சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது.

"கை தவறிடுச்சு சார்," என்றார். மறுபடி தூக்கினார். மறுபடியும் கை தவறியது.

இயக்குநருக்கு இப்போது இரண்டு கையிலும் விரல் நுனி வரை மாவுக்கட்டு. எலும்பு பல துண்டாகப் போனதால் எப்போது பிரிப்பார்கள் என்று தெரியவில்லை. பழைய விதி கையெழுத்தோடு ரத்தாகிவிட்டது. புது விதி கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. ஆக, அந்த ஆஸ்பத்திரியில் இன்றைய தேதிக்கு விதி என்று எதுவும் கிடையாது. வேறு வழியில்லாமல், அழுத பிள்ளை பால் குடிக்கிறது.